வளைத்தால் விரிசல் விடும் டச் ஸ்கிரீன்... இலை நரம்பில் இருக்கிறதா தீர்வு?

இந்தச் செய்தியை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறீர்கள் அல்லவா? பல டச் ஸ்கிரீன்களின் கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு இருக்கும். பெயர் இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐடிஓ. வெளிச்சத்தையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். இரண்டையும் ஒன்றாகச் செய்யும் பொருள் கிடைப்பது அபூர்வம்.

என்ன சிக்கல்?

ஐடிஓ பீங்கான் மாதிரி. மடித்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் மின்சாரம் போகாது. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கமும் கிடையாது. துத்தநாகம் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் கிடைப்பதுதான்.

இலை எப்படி உதவும்?

அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சை எல்லாம் அழுகிய பிறகு நரம்பை மட்டும் எடுத்து நோட்டில் வைப்போமே, கிட்டத்தட்ட அதேதான். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி மற்றும் சீன ஆய்வாளர்கள் 2014-ல் இலையின் நரம்பு வலையில் வெள்ளியைப் பூசினார்கள். நடு நரம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் மெல்லிய கிளை என்று மின்சாரம் பரவும். இடைவெளி வழியாக வெளிச்சம் போகும். நரம்புகள் வளையம் வளையமாக இணைந்திருப்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் சுற்றுப்பாதை உண்டு. இது சோலார் செல்லுக்குப் பொருத்தம். டச் ஸ்கிரீனுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி சிலந்தி வலை.

பெங்களூருவிலும் இதே தேடல் நடந்தது. ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஜி.யு.குல்கர்னி குழு பார்த்தது வெடிப்பை. ஒரு கரைசலைப் பூசிக் காயவிட்டால் வறண்ட ஏரி போல வெடிக்கும். அந்த வெடிப்பில் உலோகத்தை நிரப்பி, மீதியைக் கழுவிவிட்டால் மெல்லிய கம்பி வலை ரெடி! விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமலே வடிவம் தானாக வந்துவிடுகிறது என்பதுதான் இதில் அழகு.

வினையூக்கிக்கும் இலையா?

ஆமாம். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் தேவைப்படுகின்றன. செடியோ 4 மாங்கனீசு, 1 கால்சியம், 5 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட சின்னக் கொத்தை வைத்தே தண்ணீரைப் பிரிக்கிறது. அதன் அமைப்பை 2011-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் தெளிவாகக் காட்டினார்கள். அதைப் பார்த்து மாங்கனீசில் நானோ துகள்கள் செய்கிறார்கள். ஏன் நானோ? வினை நடப்பது மேற்பரப்பில்தான். 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்!

அப்போ கடைக்கு எப்போது வரும்? வெள்ளி வலையில் ஒரு பழைய தொல்லை இருக்கிறது. காற்றில் உள்ள கந்தகம் பட்டால் வீட்டு வெள்ளிக் கொலுசு போலவே அதுவும் கறுக்கும். மெல்லிய கம்பி என்பதால் பாதிப்பும் சீக்கிரம் தெரியும். அதனால் அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு தேவை. அந்தப் பூச்சும் வளைய வேண்டும், வெளிச்சத்தையும் மறைக்கக் கூடாது.