கதையிலும் வரலாற்றிலும் அறவீரம்

நாம் கதை படிப்பது பொழுது போக்குவதற்காக மட்டும் அன்று. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில், வெள்ளைப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்ப்பழி சுமந்த டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவருக்காக, ஊர்ப்பகையைப் பொருட்படுத்தாது வாதாடுகிறார் ஆட்டிகஸ் பிஞ்ச் என்னும் வெள்ளை வழக்கறிஞர். குற்றமின்மை தெளிவாகியும், வெள்ளையரே அமர்ந்த ஜூரி டாமைக் குற்றவாளி என்கிறது. தோல்வியை முன்னறிந்தும் நீதியின் பக்கம் நிற்பதே அறவீரம்.

இது வெறுங் கற்பனை அன்று. கதை நிகழும் அதே அலபாமா மாநிலத்தில், 1931-இல், ஸ்காட்ஸ்போரோ நகரில் ஒன்பது கறுப்பின இளைஞர்மீது இத்தகைய பழியே சுமத்தப்பட்டது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டிய இரு பெண்களுள் ஒருவரே 1933-இல் அது பொய் எனச் சாட்சி கூறினார். ஆயினும் ஹேவுட் பேட்டர்சன் என்னும் இளைஞரை ஜூரி மீண்டும் குற்றவாளி என்றது. அத்தீர்ப்பை நீக்கிய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், மறு ஆண்டுத் தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார். 1935-இல், கறுப்பினத்தவரை ஜூரியினின்று விலக்கி வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிறை புகும்போது பேட்டர்சன் எழுத்தறியாதவர். சிறையிலேயே படிக்கவும் எழுதவும் கற்றார். 1948-இல் அங்கிருந்து தப்பினார்; 1950-இல், எழுத்தாளர் ஒருவர் துணையுடன், தம் வரலாற்றை நூலாக்கினார்.

டாமின் கதையை நமக்குச் சொல்பவள் வழக்கறிஞரின் மகள். தம் கதையைத் தாமே சொன்னவர் பேட்டர்சன். நமக்காக வாதாடும் நல்லோரை நன்றியுடன் போற்றுவோம். ஆயினும், இளைஞர்கள் ஒன்றை நெஞ்சில் நிறுத்த வேண்டும்: நம் வழக்கை நாமே எழுத வல்லவராவதே நாம் பெறும் கல்வியின் பயன்.