நாரைத் தள்ளும் திருகு: கெடா ஆலைகளில் ஒரு பொறியின் வரலாறு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியவர்கள் பால்மரத்தையும் லயத்தையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். தோட்டத்து ஆலைக்குள் அவ்வளவாக நுழையவில்லை. மரம் வெட்டும் கத்திக்குக் கிடைத்த இடம் ஆலைப் பொறிகளுக்குக் கிடைக்கவில்லை. கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் நகரங்களிலும் திருகு என்னும் பொறி வந்த வழியை இக்கட்டுரை தேடுகிறது. இழை சேர்த்த பிளாஸ்டிக் செய்யும் ஆலைகளில் இன்றும் பொறியாளர்களைத் திணறவைக்கும் வேலை ஒன்று உண்டு: நாரை அடைபடாமல், உடையாமல், சீராக ஊட்டுவது. செம்பனை ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தச் சிக்கல் தலைமுறைப் பழக்கம் என்பதே இங்கே நான் முன்வைக்கும் கருத்து.

திருகு கொண்டு பொருளைப் பிதுக்கும் பொறியின் பிறப்பிலேயே மலாய்க் காட்டுக்குப் பங்கு உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கொமரி 1843-இல் கட்டாபெர்ச்சா மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். இந்த வட்டாரத்துக் காட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் அந்தப் பிசின், சில ஆண்டுகளிலேயே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. முதலில் உந்துதண்டால் அழுத்திப் பிதுக்கினார்கள். தண்டு ஓடி முடிந்ததும் பொறியை நிறுத்தி மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. ஓயாமல் தள்ளும் திருகை வைத்து இங்கிலாந்தில் மேத்யூ கிரே காப்புரிமை பெற்றது 1879-இல். இன்றைய பிளாஸ்டிக் பிதுக்குப் பொறிகளின் மூதாதை அதுதான்.

கெடா 1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர் பரவியது. அந்தக் கால ஆலையில் திருகுக்கு வேலை இல்லை. பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைகளில் தகடாக்கி, புகைக்கூடத்தில் காயப்போட்டார்கள். 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் திருகுகளில் நசுங்கித் துண்டாகி, கழுவிக் காய்ந்து, 33⅓ கிலோ கட்டிகளாக வெளிவந்தன. திருகு எவ்வளவு பிசைந்தாலும் ரப்பர் தாங்கிக்கொள்ளும். அதைப் பிசைவதே அங்கு வேலை. நார் அப்படிப்பட்ட பொருள் அல்ல.

நாரும் திருகும் நேருக்கு நேர் சந்தித்தது செம்பனையில். அதற்குக் காரணம் ஒரு விதை. பெல்ஜியக் காங்கோவில் பெயர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் 1941-இல் வெளியிட்ட ஆய்வு, தடித்த ஓடுள்ள தூராவையும் ஓடற்ற பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட தெனெரா பிறக்கும் என்று காட்டியது. மலேசியத் தோட்டங்கள் தெனெராவுக்கு மாறியதும் பழைய பொறி தடுமாறியது. கொட்டை குறைந்து சதைநார் கூடிய கூழைத் தடவை தடவையாக நிரப்பி அழுத்தும் ஹைட்ராலிக் பொறியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இரட்டைத் திருகு அழுத்திகள் அந்த இடத்தைப் பிடித்தன. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட கெடாத் தோட்டங்களின் பழமும் இத்தகைய அழுத்திகளுக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த அழுத்தியின் வாயருகே சற்று நிற்க வேண்டும். துளைகள் கொண்ட உருக்குக் கூண்டுக்குள் இரண்டு திருகுகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. அவித்துப் பிசைந்த பழக்கூழ் ஒரு முனையில் நுழைகிறது. எண்ணெய் துளைகள் வழியே வடிகிறது. நாரும் கொட்டையும் மறுமுனைக்குப் போகின்றன. அங்கே கூம்புகள் வெளிவாயை மறித்து நிற்கின்றன. கூம்பை இறுக்கினால் எண்ணெய் நன்றாகப் பிழியும், கொட்டை உடையும். தளர்த்தினால் கொட்டை பிழைக்கும், நாரிலேயே எண்ணெய் தங்கிவிடும். வெளிவரும் சக்கையில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்ப்பவருக்கு, உடைந்த ஓட்டின் அளவும் விரலில் படும் பிசுபிசுப்பும் கூம்பு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிடும். ஆய்வுக்கூடத்தின் எண் பிறகுதான் வரும்.

சக்கையைக் கொண்டுபோவதில்தான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. அழுத்தியிலிருந்து அது கட்டிகட்டியாக விழுகிறது. அதைச் சாதாரண திருகில் இட்டால் கட்டி கட்டியாகவே நகரும். நார் சிக்குப் பிடித்த தலைமுடிபோல் தண்டைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே சக்கை உடைக்கும் கன்வேயரில் முழுத் திருகிலைக்குப் பதிலாகத் துடுப்புகளைச் சுருள் வரிசையில் பொருத்தினார்கள். துடுப்பு சக்கையைத் தூக்கிப் போடுகிறது, பிரிக்கிறது, போகிற போக்கில் ஈரத்தையும் குறைக்கிறது. கடைசியில் காற்றோட்டம் நாரை மேலே இழுத்துக்கொள்ள, கொட்டை கீழே விழுகிறது. நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெயும் பதின்மூன்று பதினான்கு கிலோ சதைநாரும் இருபத்திரண்டு கிலோ வெறுங்குலையும் கிடைக்கின்றன. சதைநார் ஓட்டோடு சேர்ந்து கொதிகலனுக்கு எரிபொருளாகும். ஊட்டுவாயில் நார் பாலம் கட்டி நின்றுவிட்டால் நீராவி இறங்கும், ஆலை முழுவதும் தளரும். கம்பியால் குத்திவிடும் தொழிலாளிக்கு, ஈரம் எவ்வளவு இருந்தால் அடைக்கும், எந்தச் சரிவில் வழுக்கும் என்பதெல்லாம் கைப்பழக்கம். இந்த அறிவை வெறும் உடலுழைப்பு என்று கணக்கில் எழுதியது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

உலகின் வேறு பக்கத்தில் கண்ணாடி இழை முப்பதுகளில் வணிகப் பொருளாகி, பின்னர் பிளாஸ்டிக்கோடு சேர்ந்தது. ஒரே திசையில் சுழலும் இரட்டைத் திருகுக் கலவைப் பொறியை, பேயர் நிறுவனத்தின் உரிமம் பெற்று, வெர்னர் அண்டு பிளைடரர் 1957-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இழையைத் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் மணிகளோடு கொட்டினால், உருகாத மணிகளுக்கும் திருகுக்கும் நடுவில் அது நொறுங்கும். திருகின் உருக்கும் பெருமளவு தேயும். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் உள்ளே போன இழை, முடிந்த பொருளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எஞ்சும். நீளம் போனால் வலுவும் போகும். ஆகவே பிளாஸ்டிக் முழுதும் உருகிய பிறகு, பீப்பாயின் நடுப்பகுதியில் பக்கவாட்டுத் திருகு ஊட்டி வழியே இழையைச் செலுத்தும் முறை வந்தது. எடை குறையும் வேகத்தை அளந்துகொண்டே ஊட்டும் தராசு ஊட்டிகள் அதற்குத் துணை. சக்கைக் கன்வேயர்போல இங்கும் தீர்வு இடத்தையும் வேகத்தையும் ஒட்டியது: பொருள் எந்த நிலையில் இருக்கும்போது திருகு அதைத் தொடுகிறது என்பதே முக்கியம்.

இரண்டு வரலாறுகளும் சேர்ந்த இடம் கெடாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எச்.டி. ரோஸ்மானும் உடன் ஆய்வாளர்களும் வெறுங்குலை நாரைப் பாலிபுரொப்பிலீனோடு கலந்து செய்த ஆய்வுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவரத் தொடங்கின. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். ஈரம் இருந்தால் ஆவியாகிப் பொருளில் குமிழி விழும். நாரில் தங்கிய எண்ணெய் பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதைக் கெடுக்கும். நாரின் மேற்பரப்பில் உள்ள சிலிக்கா மணிகள் திருகைத் தேய்க்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நார் பஞ்சுபோல் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஹாப்பரில் பாலம் கட்டுகிறது. நாரை முன்கூட்டியே அழுத்திக் குளிகையாக்கினால் ஊட்டுவது எளிது. ஆனால் அழுத்தும்போதே நீளம் குறைந்துவிடும். அழுத்தியின் கூம்புக்கு முன்னால் நிற்பவர் எதிர்கொண்ட அதே இழுபறிதான் இது.

கெடாவின் நகரங்கள் இதற்குள் வேறு பாதையில் வளர்ந்திருந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள். வடக்கே தாய்லாந்து எல்லையோரம் புக்கிட் காயு ஈத்தாமில், போயிங்கும் ஹெக்செலும் சேர்ந்து நடத்திவந்த ஏசிஎம் ஆலை விமானச் சிறகுகளுக்கு இழைக் கலவைப் பலகைகள் செய்தது. 2023 இறுதியில் அது முழுதும் போயிங்கிடம் போனது. பிசின் ஊறிய நீள்இழைத் துகில்களை அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்துக் கெட்டிப்படுத்துவதே அத்தகைய பலகைகளுக்கான முறை. இழையின் முழு நீளமும் காக்கப்பட வேண்டிய அந்த வேலையில் திருகுக்கு இடமே இல்லை. மலிவான, கணக்கற்ற அளவில் வேண்டிய பொருள்களுக்கோ திருகைத் தவிர வேறு வழி இல்லை. செம்பனை நாருக்குச் சந்தை அமைந்தால் அது இந்த இரண்டாம் வகையில்தான் அமையும்.

அதற்கான ஊட்டியை வடிவமைப்பவர்கள் கண்ணாடி இழைக்குச் செய்த பொறியிலிருந்து தொடங்குவதைவிடச் சக்கைக் கன்வேயரிலிருந்து தொடங்குவது நல்லது. துடுப்பின் சாய்வு, தண்டின் வேகம், நாரின் ஈரம் ஆகிய மூன்றையும் ஆலையிலேயே நின்று அளக்கலாம். கூலிம், பீடோங், பாடாங் செராய்ப் பக்கம் ஓய்வுபெற்று இருக்கும் அழுத்தி, கொதிகலன் தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்வது அந்த அளவீட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். பொறியியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.