சுன்னாகத்துக் கிணறும் கம்பனி எழுதும் அறிக்கையும்



கம்பனிகள் ஆண்டறிக்கையோடு ‘நிலைபேண் அறிக்கை’ என்று ஒன்றும் வெளியிடுவதுண்டு. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், கழிவை எங்கே விட்டோம் என்று தாங்களே எழுதுவது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், தாங்க செய்த பிழையைத் தாங்களே எழுதுவினமோ?”

இந்த வழக்கத்தின் வரலாறே ஓர் எண்ணெய்க் கசிவோடுதான் சூடு பிடித்தது. 1989 மார்ச் 24, அலாஸ்கா. எக்ஸன் வால்டஸ் கப்பல் பாறையில் மோதி, கிட்டத்தட்ட 4 கோடி லீற்றர் எண்ணெய் கடலில் கலந்தது. அந்த ஆண்டே சீரிஸ் என்ற அமைப்பு பத்து நெறிகளை வைத்தது. அதில் ஒன்று, ஆண்டுதோறும் தன்னைத்தானே சோதித்து ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது. பெரிய கம்பனிகள் கையெழுத்து வைக்கத் தயங்கின. அதே அமைப்பின் முயற்சியில் 1997 இல் ஜி.ஆர்.ஐ. உருவானது, 2000 இல் அதன் முதல் வழிகாட்டி வந்தது. கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதலாம். இந்தியா 2011 இல் தன்னார்வ வழிகாட்டுதல்களைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே பங்குச்சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்கு அறிக்கையைக் கட்டாயமாக்கியது செபி. கொழும்புப் பங்குச்சந்தையும் பின்னர் தன் வழிகாட்டியை வெளியிட்டது.

இனி எங்கட பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். எழுவைதீவில் இருக்கிற எனக்கு நல்ல தண்ணீரின் விலையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி எண்ணெயில் மின்சாரம் எடுத்தது. அதன் தாய்க் கம்பனியான எம்.ரி.டி. வோக்கர்ஸ் கொழும்புப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அதை முதலில் கண்டு சொன்னது எந்த அறிக்கையும் அல்ல, வாளியில் தண்ணீர் அள்ளிய சனங்கள்தான். பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் பவுசரில் தண்ணீர் வந்தது. 2015 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2019 ஏப்ரலில் தீர்ப்பு: மாசுக்கு அந்தக் கம்பனியும் பொறுப்பு, 2 கோடி ரூபா இழப்பீடு. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறியதையும் நீதிமன்றம் சொன்னது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. பங்குச்சந்தையின் வழிகாட்டி பேசுவது பட்டியலில் உள்ள கம்பனியோடு. கிணற்றடியில் வேலை செய்வதோ பட்டியலில் இல்லாத துணைக்கம்பனி. துணைக்கம்பனியின் கணக்கையும் சேர்த்து எழுதினால் நல்லது. எழுதாவிட்டால் யார் கேட்பது?

2025 ஜனவரி முதல் இலங்கையிலும் பெரிய 100 பட்டியல் கம்பனிகளுக்குப் புதிய நியமங்கள் வந்துவிட்டன. அவை முக்கியமாகக் கேட்பது முதலீட்டாளரின் காசுக்கு என்ன ஆபத்து என்பதை. கிணற்றுக்காரர் முதலீட்டாளர் இல்லையே.

அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் முழுப்பதில் சொல்லவில்லை. சுன்னாகம், மல்லாகம் பக்க உறவுகளே, அந்த நாட்களில் உங்கட கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கோ. வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.