கடைமடைக்கு வந்த படம்

மேட்டூரில் மதகைத் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பங்கு பிரியும். (1934-ல் வந்த கல்லணைக் கால்வாய்க்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வைத்த பெயர் புது ஆறு. தொண்ணூறு வயசாகியும் அது புதுசுதான்!) வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். தலைமடையில் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். கடைமடைக்காரரோ வறண்ட வாய்க்காலில் நின்று, வருதா வருதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் செல்போனில் ஓடுகிற படத்துக்கும் இதே பிரச்னைதான். தலைப்பில் ஏராளமாக இருக்கிறது. கடைசி வாய்க்காலுக்கு எவ்வளவு வரும்?

டெல்டாவில் இது பழைய கதை. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்கு டி.வி. நிலையம் வந்தது. தஞ்சாவூருக்கு என்ன லாபம்? அலை அவ்வளவு தூரம் எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் தென்னை மரத்தோடு போட்டி போட்டன. மேலே ஒருத்தர் திருப்ப, கீழேயிருந்து இன்னொருத்தர் ‘தெரியுது... தெரியுது... அய்யோ, போச்சு!’ என்று கத்துவார். பிறகு கேபிள் வந்தது. 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் ஆரம்பித்தபோது, கட்டுப்பாட்டு அறை அமைக்கத் தேர்ந்தெடுத்த ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று.

கேபிளில் எல்லோருக்கும் ஒரே படம். பத்து பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் செலவு பெரிதாக மாறாது. இணையத்தில் அப்படியில்லை. ஒவ்வொருவருக்கும் தனி வாய்க்கால் வெட்டித் தனியாகத் தண்ணீர் விட வேண்டும். அதனால், முதலில் படத்தைச் சுருக்கியாக வேண்டும்.

சுருக்கும் வித்தைக்கு வழி காட்டியவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. 1972-ல் அவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்று கை விரித்துவிட்டார்கள்! மனுஷர் விடவில்லை. மாணவர் டி.நடராஜனுடனும், நம் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்த கே.ஆர்.ராவுடனும் சேர்ந்து 1974-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் மெதுவாக மாறும் நிறங்களையும் சடாரென்று மாறும் நுணுக்கங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற கணக்கு அது. நுணுக்கத்தில் கொஞ்சம் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதைப் பதர் தூற்றுவதுபோல் தூற்றிவிடலாம். உங்கள் போட்டோவும் வீடியோவும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலோ, அதன் வாரிசுகளிலோதான் ஓடுகின்றன.

சுருக்கியாயிற்று. ஆனால் எவ்வளவு சுருக்குவது? சென்னையில் பெரிய டி.வி.யில் பார்ப்பவருக்கும், திருத்துறைப்பூண்டியில் பஸ்ஸில் போகிறவரின் போனுக்கும் ஒரே அளவு சரிப்படுமா? ஆரம்ப நாட்களில் ஆளுக்கேற்ற அளவை அனுப்புகிறவர்தான் முடிவு செய்தார். படம் நடுவில் நின்று, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2009-ல் ஆப்பிள் வெளியிட்ட முறையும், 2012-ல் வந்த சர்வதேசத் தரமும் இதைத் தலைகீழாக்கின. ஒரே படத்தை நல்லது, சுமார், மட்டம் எனப் பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்துவிடுவார்கள். போன துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது, கையிருப்பு எத்தனை விநாடி என்று உங்கள் போனே பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் வாங்குவது என்று முடிவு செய்யும். கடைமடைக்காரரே மதகைத் திறக்கிற மாதிரி! பாசனத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் பாதி வழக்குகள் இருக்காது. நெருக்கடி வந்தால் முறைப் பாசனமும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது, செல்போன் வலையில் 480 வரிகளுக்கு மேல் படம் அனுப்புவதில்லை என்று இந்தியாவில் நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன.

எல்லாம் சரி. ஆனால் அதே 2020-ல் பள்ளிக்கூடங்கள் போனுக்குள் வந்தபோதுதான் வித்தையின் மறுபக்கம் தெரிந்தது. சிக்னல் தேடி மாடிக்கும் மேட்டுக்கும் ஓடிய பிள்ளைகளுக்கு அந்த முறை மட்டமான துண்டுகளைக் கொடுத்தாவது படம் நிற்காமல் பார்த்துக்கொண்டது. வாத்தியார் முகம் தெரியும். சினிமாவுக்கு அது போதும். கரும்பலகைக்கு? சாக்பீஸ் கோட்டின் ஓரம், சிறிய எழுத்து எல்லாம் அந்தக் கணக்கின்படி நுணுக்கம். முதலில் தூற்றப்படும் பதர். ரசிகனுக்குப் பதராக இருந்தது மாணவனுக்கு நெல்லாக இருந்தது.

அந்த ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கினார்கள். அரசு கேபிளிலும் வந்தது. எல்லோருக்கும் ஒரே படம் என்ற பழைய முறைதான். சந்தேகம் கேட்க முடியாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு கணக்கு போயிருக்கும். ஆனால் பலகையில் இருப்பது மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.