எலும்பிலிருந்து இரத்தத்திற்கு: குருத்தணு சேகரிப்பின் வரலாறும் சித்தூர், திருப்பதி நோயாளிகளும்

1911ஆம் ஆண்டு வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. வேலூரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. பின்னர் மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் இடையில் வந்தபோதும், சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் நோயாளிகள் வேலூருக்குச் செல்லும் வழக்கம் மாறவில்லை. இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி தலைமையில் தொடங்கியது. 1986இல் மாமன் சாண்டியின் முயற்சியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அது தொடங்கிற்று. சித்தூரிலிருந்து அம்மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது.

இச்சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மாற்று நிகழ்ந்த நாளைக் கொண்டே எழுதப்படுகிறது. உடன்பிறந்தார் கொடையளிக்கும் மாற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். மல்டிபிள் மைலோமா, மீண்டும் தலைதூக்கிய லிம்போமா ஆகியவற்றில் நோயாளியே தனக்குக் கொடையாளி. அங்கே முடிவைத் தீர்மானிப்பது சேகரிப்பு. மஜ்ஜையை அழிக்கும் அளவுக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே, அதை மீண்டும் உருவாக்கவல்ல குருத்தணுக்களை அவருடைய உடலிலிருந்து எடுத்து வைத்தாக வேண்டும்.

முதலில் இதற்கு இருந்த ஒரே வழி இடுப்பெலும்பு. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்து, ஊசியைப் பலமுறை செலுத்தி, ஏறத்தாழ ஒரு லிட்டர் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பர். இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் மஜ்ஜையிலேயே நோய் பரவியவர்களுக்கும் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

குருத்தணுக்கள் ஓடும் இரத்தத்திலும் உண்டு என்பது 1962இல் சுண்டெலிகளில் தெரியவந்தது. 1971இல் மக்ரெடி, ஹெர்ஷ், ஃப்ரைரைக் ஆகியோர் மனித இரத்தத்திலும் அத்தகைய அணுக்களைக் காட்டினர். ஆனால் அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. அவற்றைத் திரட்டப் பயன்பட்ட கருவிக்குத் தனிக் கதை உண்டு. ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அதன் விளைவாக அவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரைரைக்குடன் இணைந்து, 1960களின் நடுவில் இரத்த அணுக்களைப் பிரிக்கும் சுழற்கருவியை உருவாக்கினார். ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பும் இம்முறையே அஃபெரெசிஸ்.

கருவி வந்தபின்னும் எண்ணிக்கைக் குறை நீடித்தது. 1976இல் கவனிக்கப்பட்ட ஓர் உண்மை அதற்கு விடையின் தொடக்கமாயிற்று: கீமோதெரபிக்குப் பின் மஜ்ஜை மீளும் நாட்களில் இரத்தத்தில் குருத்தணுக்கள் பன்மடங்கு பெருகுகின்றன. இரத்தத்திலிருந்து எடுத்த குருத்தணுக்களின் பயனை 1980களின் நடுவில் அடிலெய்டு, ஹைடல்பெர்க், போர்தோ, ஓமாகா முதலிய ஊர்களில் நடந்த மாற்றுச் சிகிச்சைகள் காட்டின. 1984இல் சிவின் குழுவினர் கண்டறிந்த, பின்னர் சிடி34 எனப் பெயர் பெற்ற அடையாளப் புரதம், அணுக்களை எண்ணுவதற்கு அளவுகோல் தந்தது. 1988இல் ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்திற்கு வெளியேற்றுவதை மெல்போர்ன் ஆய்வாளர்கள் புற்றுநோயாளிகளிடம் கண்டனர்.

இன்றைய நடைமுறை இவற்றின் தொகுப்பு. நான்கைந்து நாட்கள் ஊசி; பின்னர் கருவியின் அருகே சில மணி நேரம்; தேவைப்பட்டால் மறுநாளும். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் சிடி34 அணுக்கள் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது 10 கோடி. அறுவை அரங்கும் மயக்க மருந்தும் தேவையில்லை.

விலை அடுத்த தடை. 2001இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் ஜி-சிஎஸ்எஃப் மருந்தைக் கிராஸ்டிம் என்ற பெயரில் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. எடுத்த அணுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் செலவையும் சில மையங்கள் தவிர்த்தன. மைலோமாவுக்குக் கொடுக்கப்படும் மெல்ஃபலான் சில மணி நேரத்தில் உடலிலிருந்து நீங்கிவிடும். எனவே அதுவரை அணுக்களை 4 டிகிரி குளிரில் இரத்த வங்கிக் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்கலாம். மெக்சிகோவில் ரூயிஸ் ஆர்குவேயஸ் வளர்த்தெடுத்த இவ்வழியை இந்திய மையங்கள் சிலவும் கையாண்டன.

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 2022இல் டாடா அறக்கட்டளையும் தேவஸ்தானமும் இணைந்து அமைத்த புற்றுநோய் மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே ஆண்டில்தான். நோயின் முதல் மருந்தை வீட்டுக்கு அருகிலேயே பெறும் வாய்ப்பு இதனால் பெருகியுள்ளது.

வரலாறு தரும் எச்சரிக்கையும் இவ்விடத்திலேயே பொருந்துகிறது. மெல்ஃபலானை மாத்திரையாக மாதக்கணக்கில் உட்கொண்டவரிடமும் லெனலிடொமைடை நெடுங்காலம் எடுத்தவரிடமும் சேகரிப்பு தோற்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மாற்றுக்குத் தகுதியுள்ளவரை முதல் சில சுற்று மருந்துக்குள்ளேயே சேகரிப்பு மையத்திற்கு அனுப்ப வேண்டும். மாற்று நடப்பது வேலூரிலா, திருப்பதியிலா, ஹைதராபாத்திலா என்பது அதற்குப் பின் வரும் கேள்வி. முதல் மருந்துச்சீட்டை எழுதும் மருத்துவர், தாம் அறியாமலேயே, அந்நோயாளியிடமிருந்து எத்தனை குருத்தணுக்கள் கிடைக்கும் என்பதையும் எழுதிவிடுகிறார்.