ஓசூர் தொழிற்பகுதியில் மழைநாள் கூலி

ஓசூர் தொழிற்பகுதியில் மழைநாள் கூலி என்பது, தமிழ்நாட்டின் கிருட்டிணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள தொழிற்பேட்டைகளில், கனமழை, வெள்ளம், மூடுபனி முதலியவற்றால் வேலை நின்றுபோகும் நாட்களில் நிரந்தரமற்ற தொழிலாளருக்கு ஊதியம் உண்டா, உண்டெனில் அதை யார் தர வேண்டும் என்னும் சிக்கலைக் குறிக்கும். நிரந்தரத் தொழிலாளருக்கு இதற்கான விடை சட்டத்தில் ஓரளவு தெளிவாக உள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர், பதிலித் தொழிலாளர், நாட்கூலிகள், பகுதிநேரப் பணியாளர் ஆகியோருக்கு அவ்வாறு இல்லை.

இடமும் வானிலையும்

கிருட்டிணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2019 இல் இது மாநகராட்சியாயிற்று. தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் (சிப்காட்) 1970களில் இங்கு தொழிற்பேட்டை அமைத்த பின்னர் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி ஆகிய இடங்களிலும் பின்னர் ஆலைகள் எழுந்தன. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, சிகணி எனக் கருநாடகத் தொழிற்பகுதிகள் தொடர்கின்றன. தமிழ்நாட்டில் குடியிருந்து கருநாடகத்தில் வேலை செய்வோரும், அதற்கு நேர்மாறாகச் செல்வோரும் நாள்தோறும் சூசூவாடி எல்லையைக் கடக்கின்றனர். குறைந்தபட்சக் கூலி விகிதம் வேலை நடக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. தொழிலாளி குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்ததன்று.

உறைபனியும் பனிப்புயலும் உயிரைப் பறிக்கும் குளிர்காலம் இங்கு இல்லை. இப்பகுதியின் குளிர்கால ஆபத்துகள் இரண்டு. ஒன்று, மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை மூடுபனி. முதல் முறைக்கு (ஷிப்டு) வரும் தொழிலாளர் இருசக்கர வண்டியிலும் நிறுவனப் பேருந்திலும் நெடுஞ்சாலையைக் கடப்பது அந்த நேரத்தில்தான். மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் புயல் இம்மாவட்டத்தைத் தொடாது என்ற எண்ணம் 2024 இல் பொய்யாயிற்று. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்ததால், பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்த வண்டிகள் சாலையில் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய நாளில் வேலைக்குப் போவது ஊதியத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். போகாவிட்டால் அன்றைய ஊதியம் போகும். இச்சிக்கலின் உட்கரு இதுவே.

தொழிலாளர் வகைகள்

ஒரே ஆலையில், ஒரே இயந்திர வரிசையில் நிற்பவர்கள் பல்வேறு பெயர்களில் நிற்கக்கூடும். நிரந்தரத் தொழிலாளர், தகுதிகாண் பருவத்தினர், பயிற்சியாளர், குறித்த கால ஒப்பந்தத்தினர், ஒப்பந்ததாரர் வழி வந்தவர், விடுப்பிலுள்ள ஒருவருக்கு மாற்றாக வரும் பதிலி, அன்றன்று அழைக்கப்படும் நாட்கூலி ஆகியோர் இவர்கள். பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரில் பலர் ஒப்பந்ததாரர் வழியே வேலைக்கு வந்தவர்கள். வெள்ளம் இந்த வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது.

தற்காலிக வேலையிழப்பு ஈட்டுத்தொகை

வேலை தர இயலாமல் தொழிலாளரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதைத் தொழிலாளர் பேச்சு வழக்கில் லே-ஆஃப் என்பர். தொழில் தகராறுகள் சட்டம், 1947 இதற்குத் தரும் காரணங்களின் பட்டியலில் நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறையுடன் இயற்கைப் பேரிடரும் இடம்பெற்றது. அச்சட்டத்தின் 25சி பிரிவின்படி, ஓராண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றியவருக்கு அந்நாட்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 50 விழுக்காடு தரப்பட வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 240 நாட்கள் பணியாற்றியிருந்தால் அது ஓராண்டுப் பணியாகக் கொள்ளப்படும்.

இவ்வுரிமைக்கு வரம்புகள் பல. பதிலித் தொழிலாளருக்கும் நாட்கூலிகளுக்கும் இது கிடையாது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் பருவகால நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது. இப்பிரிவின் நோக்கில் தொழில் நிறுவனம் என்பது ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றை மட்டுமே குறிக்கும். ஆகவே ஓசூரில் பெரிய வண்டி ஆலையில் வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளர் பாதுகாப்புப் பெறுகிறார். அதே ஆலைக்குத் திருகாணி செய்து தரும் 30 பேர் பட்டறையின் தொழிலாளர் பெறுவதில்லை.

பதிலியைப் பற்றி அதிகம் அறியப்படாத ஒரு விளக்கம் இப்பிரிவிலேயே உண்டு. பதிலியாகச் சேர்ந்தவர் ஓராண்டு தொடர் பணியை முடித்துவிட்டால், பெயர் எதுவாயினும் சட்டத்தின் கண்ணில் அவர் பதிலி அல்லர். இதனால் வருகைப் பதிவேடு மிக முக்கியமான சான்றாகிறது. தமிழ்நாட்டில் இதற்குத் துணையாக 1981 ஆம் ஆண்டின் தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டமும் உள்ளது. 24 மாதங்களில் 480 நாட்கள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது கூறுகிறது.  எனவே மழையால் இழந்த நாட்கள் எவ்வாறு பதியப்படுகின்றன என்பது அன்றைய கூலியைத் தாண்டியும் பொருள் உடையது.

2025 நவம்பர் 21 முதல் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைத் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 பெற்றது. 50 விழுக்காடு என்ற அளவும், பதிலி, நாட்கூலி ஆகியோருக்கான விலக்கும் அதில் தொடர்கின்றன. வேலை நிறுத்திவைப்பு, ஆட்குறைப்பு, ஆலை மூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் நிறுவனங்களின் தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு 100 இலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது.

வாயிலுக்கு வந்தவர்

1947 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நேரம் பற்றிய நுட்பமான விதிகள் இருந்தன. குறித்த நேரத்தில் வாயிலுக்கு வந்த தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படாவிட்டால் அவர் அன்று நிறுத்திவைக்கப்பட்டவராகக் கருதப்படுவார். முறையின் பிற்பாதிக்கு வருமாறு கூறப்பட்டு, அப்போதும் வேலை தரப்படாவிட்டால், அப்பாதிக்கு முழு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் பெறுவார். மறுபுறம், நாளொன்றுக்கு ஒரு முறையேனும் வேலை நேரத்தில் நிறுவனத்துக்கு வந்து முகம் காட்டாதவர் ஈட்டுத்தொகையை இழப்பார். மின்வெட்டையும் மூலப்பொருள் தட்டுப்பாட்டையும் மனதில் கொண்டு எழுதப்பட்ட இந்த விதி, வெள்ள நாளில் முரணான விளைவைத் தருகிறது. ஆலை மூடிக்கிடப்பதை உறுதிசெய்யவே தொழிலாளி வெள்ளத்தைக் கடந்து வர வேண்டியிருக்கும்.

வேலை தொடங்கிப் பாதியில் நின்றால் வேறொரு விதி பொருந்தும். நாட்கூலி அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் பெறுபவர் முழுநேரத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தாலும் முழுநாள் கூலிக்கு உரியவர் என்று குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1948 இன் 15 ஆவது பிரிவு கூறியது. தாமே வேலை செய்ய மறுத்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற ஊதியத் தொகுப்பு, 2019 இன் 10 ஆவது பிரிவிலும் இதே கருத்து உள்ளது. காலை 6 மணிக்கு உள்ளே வந்து, 9 மணிக்குத் தண்ணீர் புகுந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாட்கூலி இவ்விதியைச் சுட்டலாம். எனினும் வெள்ளத்தை வேலை தரத் தவறியதாகக் கொள்ளலாமா என்று வேலையளிப்பவர் வாதிட இடமுண்டு. அன்று அழைக்கப்படாமலே இருந்தவருக்கு இவ்விதியால் பயனில்லை.

ஒப்பந்ததாரர் வழி வந்தவரின் நிலை இன்னும் சிக்கலானது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1970 இன்படி ஊதியம் தரும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது. அவர் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தந்து, அதை ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இச்சட்டத்தை உள்வாங்கிய 2020 ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. ஆனால் தர வேண்டிய தொகை ஒன்று இருந்தால்தான் இப்பொறுப்பு எழும். மழைநாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும்போது, இருவரிடமும் கேட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை பள்ளி, கல்லூரிகளுக்கு உரியது. ஆலைகளை அது கட்டுப்படுத்தாது. பிள்ளைகள் வீட்டிலிருக்கப் பெற்றோர் வேலைக்குச் செல்லும் காட்சி இதனால் ஏற்படுகிறது.

வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்து பற்றி மட்டும் சட்டம் சற்றுத் தாராளமாக உள்ளது. 2010 இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும்போது நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியின்போது நேர்ந்ததாகக் கருதப்படும். காப்பீட்டில் பதிவு பெற்ற ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். மூடுபனியில் விழுந்து காயமுற்றவருக்கு உதவி உண்டு. மூடுபனிக்கு அஞ்சி வராதவருக்கு இல்லை.

விளையாட்டரங்கப் பணியாளர்

ஆலைகளுக்கு வெளியே இச்சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிவது விளையாட்டரங்குகளில். ஓசூருக்கு அண்மையிலுள்ள பெரிய அரங்கு பெங்களூர் எம். சின்னசாமி அரங்கமாகும். போட்டி நாளில் நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்போர், காவலர், துப்புரவாளர், உணவு விற்போர் எனப் பலர் அந்நாளுக்கு மட்டும் அமர்த்தப்படுகின்றனர். அரங்கு ஆலை அன்று. ஆகவே மேலே கூறிய 50 விழுக்காடு ஈட்டுத்தொகை இவர்களை எட்டாது. 2025 மே 17 அன்று அங்கு நடக்கவிருந்த ஐபிஎல் போட்டி ஒரு பந்தும் வீசப்படாமல் மழையால் கைவிடப்பட்டது. சீட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. பார்வையாளரின் இழப்பை ஈடுசெய்யச் சீட்டின் விதிகளிலேயே வழி இருக்கிறது. அந்நாள் பணியாளருக்கு அத்தகைய பொது விதி எதுவும் இல்லை. அமர்த்திய முகவரின் சொல்லே விதி. 2024 ஐபிஎல் முடிவில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 10 முதன்மை அரங்குகளின் களப் பணியாளருக்குத் தலா 25 இலட்சம் ரூபாய் அறிவித்தது. அது பாராட்டுப் பரிசே தவிர ஊதிய உரிமை அன்று.

2020 ஊரடங்கு

வேலை செய்ய இயலாத நாட்களுக்கு ஊதியம் என்ற கேள்வி இந்தியா முழுவதும் ஒரே வேளையில் எழுந்தது 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இன்கீழ், மார்ச் 29 அன்று நடுவண் உள்துறை அமைச்சு ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தமின்றி ஊதியம் தருமாறு ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கப்பட்டது. சூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், வேலையளிப்போர் மீது கட்டாய நடவடிக்கை கூடாதென்றும், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் இடைக்கால ஆணை தந்தது. பேசித் தீர்க்கச் சங்கம் உள்ளவர்களுக்கு இது வாய்ப்பாக இருந்தது. சங்கமற்ற ஒப்பந்தத் தொழிலாளருக்கு எதிரே உட்காரவே ஆளில்லை.

பிற நாடுகளில்

செருமனியில் கட்டுமானம் போன்ற தொழில்களில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வானிலையால் வேலை தடைப்பட்டால், இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காடு, குழந்தை உள்ளவர்க்கு 67 விழுக்காடு, வேலையின்மைக் காப்பீட்டு நிறுவனத்தால் வழங்கப்படுகிறது. பிரான்சில் கட்டுமானத் தொழிலாளருக்கு 1946 முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு. எசுப்பானியாவில், 2024 அக்டோபரில் வலன்சியாவில் ஏற்பட்ட வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்த பின்னர், ஆபத்தான வானிலையில் நான்கு நாட்கள் வரை ஊதியத்துடன் விடுப்பு அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வேலைக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அன்றைய நேரத்தில் பாதிக்கு ஊதியம் உண்டு. ஆனால் இயற்கைச் சீற்றம் காரணமெனில் அவ்விதி பொருந்தாது. எனவே இவ்விடயத்தில் கலிபோர்னியத் தொழிலாளியும் ஓசூர் நாட்கூலியும் ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ளனர்.

இந்திய முன்மாதிரிகள்

வேலையளிப்பவரை விட்டு, பொது நிதியிலிருந்து ஈடு வழங்கும் முறை இந்தியாவில் சில இடங்களில் உள்ளது. தில்லியில் குளிர்காலக் காற்று மாசினால் கட்டுமானப் பணிகள் தடைசெய்யப்பட்டபோது, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டுமானத் தொழிலாளர் நல வரி நிதியிலிருந்து பிழைப்பூதியம் வழங்கப் பணித்தது. அப்போது தில்லி அரசு தலா 5,000 ரூபாய் வழங்கியது. 2024 இல் இது 8,000 ரூபாயாக இருந்தது. நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கே இது கிடைத்தது. குசராத்தில் சேவா அமைப்பு, வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் தானாகவே பணம் தரும் காப்பீட்டை 2023 இல் பெண் தொழிலாளரிடையே தொடங்கி, அடுத்த ஆண்டு பிற மாநிலங்களுக்கும் விரித்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி உண்டு. இழந்த கூலி அதில் அடங்காது.

தமிழ்நாட்டில் மழைநாள் கூலிக்கு மிக நெருங்கி வருவது உப்பளத் தொழிலாளருக்கான உதவியாகும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு விளைச்சல் நின்றுபோகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு, குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2022 இல் தொடங்கியது. இது மழை ஆண்டுதோறும் வரும் என்பதை ஒப்புக்கொண்டு வகுக்கப்பட்ட திட்டம். தனியொரு பேரிடருக்கான நிவாரணம் அன்று. அதே பருவமழையில் வேலையிழக்கும் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர் இதன் வரம்புக்குள் வரவில்லை.