படியும் எடையும்: நெல்மணி சொல்லும் வரலாறு

‘படியளத்தல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் வாழ்வளித்தல் என்றே பொருள். உணவு தருபவனைப் படியளப்பவன் என்று போற்றியது நம் மரபு. நிறுத்துத் தருபவன் என்று எவரும் சொல்லவில்லை. தானியத்தை முகந்து அளப்பதே இந்நாட்டின் தொன்மையான வழக்கம் என்பதற்கு இச்சொல்லே சான்று.

பண்டை வாய்பாட்டின்படி 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல் வரும். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிறுத்தலளவையும் இதே நெல்லில்தான் தொடங்குகிறது: நான்கு நெல் எடை ஒரு குன்றிமணி; இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. ஆகவே ஒரு நாழி நெல் 3,600 குன்றிமணி எடை என்று, தராசைத் தொடாமலே கணக்கர் சொல்லிவிட முடிந்தது. முகத்தலையும் நிறுத்தலையும் இணைத்த பாலம் ஒரு நெல்மணி! தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் நெல்லளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்ற ஒரே பெயர் வழங்கியதும் நினைக்கத்தக்கது.

ஆயினும் இப்பாலம் நெல்லுக்கே உரியது. காரிநாயனாரின் கணக்கதிகார மரபு ஒரு படியில் அவரை 1,800, மிளகு 12,800, அரிசி 38,000 என வெவ்வேறாகவே எண்ணுகிறது. மணியின் பருமனும் இடையே நிற்கும் காற்றும் உமியும் ஈரமும் எடையை மாற்றுகின்றன. இன்றைய அளவில் ஒரு லிட்டர் அரிசி ஏறத்தாழ 800 கிராம். உமியோடு கூடிய நெல்லோ 600 கிராமுக்கும் குறைவு. மாவாயின், சலித்துத் தூவியதும் அழுத்தி நிரப்பியதும் ஒன்றாகா. படியைத் தலைதட்டி அளப்பதும் கூம்பாகக் குவித்து அளப்பதும் ஒன்றாகா.

இவ்வேறுபாட்டின் சுமை யார் தலையில் விழும் என்பதே வரலாற்றின் வினா. முன்னர்த் தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019இல் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் மலையாளிப் பழங்குடியினரின் விளைச்சல். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழிருந்த அம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. உமி நீக்காத சாமையும் குத்திய சாமையரிசியும் ஒரே படியில் நிறைந்தாலும் ஒரே எடை ஆகா. படிக்கு இத்தனை கிலோ என்று பொதுவாக ஒரு கணக்கை வைத்துக் கொள்பவன், ஏதேனும் ஒரு பக்கத்தை ஏமாற்றியே தீர்வான். அளப்பவன் கையும் விளைவித்தவன் கையும் வேறானால், இழப்பு எப்பக்கம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட படிகளின் குழப்பத்திற்கு அது முடிவு கட்டியது. ஆனால் மக்கள் நெஞ்சில் படி அகலவில்லை. 1967 தேர்தலில் அண்ணா தந்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே. கிலோ அங்கே பேசப்படவில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என அரிசியும் உளுந்தும் ஆழாக்கால் அளக்கும் கை இன்றும் உண்டு. களத்தில் நெல்லளப்பவர் ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கிய மரபும் மறையவில்லை.

அளவை மாறலாம்; அறம் மாறலாகாது. அந்த லாபம் அளப்பவனுக்கு மட்டுமன்றி விளைவித்தவனுக்கும் ஆகும்போதுதான் படியளத்தல் என்னும் சொல் தன் பொருளை அடையும்.